பார்ட்ஸ் பாடுவது என்றால் என்ன? நண்பர்களோடு பாமாலை பாட ஒரு தொடக்கம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை, மணி ஏழு இருக்கும். பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில், சர்ச்சில் பாடும் பாட்டுகள் அடங்கிய, முதுகுக்குத் துணி ஒட்டிய பழைய பாமாலைப் புத்தகம். பக்கத்து ஓரங்களில், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று யாரோ பல வருஷத்துக்கு முன் பென்சிலால் போட்ட கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன.

“ஏல, உன் பார்ட்டைத் தனியா ஒருக்கா பாடு” என்றான் கீபோர்டு வைத்திருந்தவன். பார்ட் என்றால் ஒரே பாட்டில் ஒவ்வொரு குரலுக்கும் உள்ள தனி வரி. நான் பாடுவது பேஸ், அதாவது அடிக்குரல். ஒரே ஸ்வரத்தில் நாலைந்து எழுத்து, கொஞ்சம் இறக்கம், திரும்பப் பழைய இடம். பாடி முடித்ததும், துணி எடுக்க வந்த அவன் அம்மா படி ஓரத்தில் நின்று, “என்னய்யா இது, பாட்டையே காணோமே?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். நான் பாடியதில் பாட்டு இல்லை. அப்புறம் மற்ற நாலு பேரும் சேர்ந்தார்கள். அதே வரியை அதே மாதிரிதான் பாடினேன். இப்போது அது அஸ்திவாரம் மாதிரி கீழே நின்றது, அதன்மேல் பாட்டு எழும்பியது. அம்மா துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மூன்று கவி, அதாவது பாட்டின் மூன்று பத்தி, முடியும்வரை அங்கேயே நின்றார்கள்.

தனியாகப் பாடினால் பாட்டே இல்லாத ஒன்று, நாலு பேரோடு சேர்ந்தால் எப்படிப் பாட்டாகிறது? சர்ச்சுக்குப் போகிறவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது. ‘பார்ட்ஸ் எல்லாம் கொயர்காரங்க சமாச்சாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படி ஒதுங்கியிருந்தேன். அந்த வருஷங்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

முதலில் பாமாலை என்ன வகைப் பாட்டு என்று பார்த்துவிடலாம். தமிழ்த் திருச்சபைகளில் பழைய பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கீர்த்தனை: பல்லவி, அனுபல்லவி, சரணம், ராகம், தாளம் என்று நம் சங்கீத முறையிலேயே கட்டியது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் வளர்த்த வகை இது. இன்னொன்று பாமாலை, லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டு என்பார்கள். இதில் பல்லவி கிடையாது. நாலு வரி, ஆறு வரி, எட்டு வரி என்று ஒரே அளவில் கவிகள் இருக்கும். ஒரு கவிக்கு என்ன மெட்டோ அதுதான் எல்லாக் கவிகளுக்கும். முதல் கவி தெரிந்தால் பாட்டு முழுவதும் தெரிந்த மாதிரி. புதிதாக வந்தவர்கூட இரண்டாவது கவியில் சேர்ந்துவிடலாம்.

இந்த எளிமை வேண்டுமென்றே செய்தது. ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், சபை மக்கள் எல்லோரும் தங்கள் மொழியில் பாட வேண்டும் என்று நினைத்தார். 1524-ல் வந்த முதல் லுத்தரன் பாட்டுப் புத்தகத்தில் எட்டே எட்டுப் பாட்டுகள்தான். அதுவரை ஆராதனையில் பாடுவது பெரும்பாலும் குருமார் வேலையாகவும், தேர்ந்த பாடகர்கள் வேலையாகவும் இருந்தது. இனிமேல் செருப்புத் தைப்பவரும் மாவு அரைப்பவரும் பாட வேண்டும் என்றால் மெட்டு எப்படி இருக்க வேண்டும்? ரொம்ப மேலேயும் போகக்கூடாது, ரொம்பக் கீழேயும் போகக்கூடாது. பெரிய தாவல்கள் கூடாது. ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு விட இடம் வேண்டும். ஆக, குரல்வளம் இல்லையே என்ற கவலை பாமாலைக்குத் தேவையே இல்லை. சாதாரணக் குரலை மனதில் வைத்துத்தான் இந்தப் பாட்டே பிறந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டோடு 8.6.8.6 என்ற மாதிரி எண்கள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை அசை என்ற கணக்கு அது. ஒரே எண் உள்ள பாட்டுகளின் மெட்டை மாற்றிப் போட்டுப் பாடலாம். உலகம் முழுக்கத் தெரிந்த ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் நியூட்டன் எழுதிய வரிகள் இங்கிலாந்தில் அச்சானது 1779-ல். இன்று நாம் பாடும் மெட்டோடு அந்த வரிகள் அமெரிக்காவில் ஒரு பாட்டுப் புத்தகத்தில் சேர்ந்தது 1835-ல். இரண்டும் 8.6.8.6 என்பதால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது.

சரி, இப்போது பார்ட்ஸுக்கு வருவோம்.

பெண்களில் மேல்குரல் சொப்ரானோ, தணிந்த குரல் ஆல்டோ. ஆண்களில் மேல்குரல் டெனர், அடிக்குரல் பேஸ். நாம் ‘ராகம்’ என்று சொல்லும் மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவிடம் இருக்கும். மற்ற மூன்றும் அதே சொல்லை, அதே நேரத்தில், வேறு ஸ்வரத்தில் பாடும். என்ன ஸ்வரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பல பாமாலை மெட்டுகள் கிட்டத்தட்ட நம் சங்கராபரண ஸ்வரங்களில்தான் போகின்றன. ச, க, ப மூன்றையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்திப் பாருங்கள். காதுக்கு அவை தனித்தனியாகக் கேட்காமல் ஒரே ஒலியாக விரியும். காரணம் கணக்கு. ச என்பதை விநாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், க 300, ப 360. நாலுக்கு ஐந்துக்கு ஆறு. இந்தச் சின்ன எண்களின் உறவுதான் காதுக்குச் சுகமாக இருக்கிறது. நாலாவது ஆள், அநேகமாக பேஸ், அந்தச் ச-வையே கீழ் ஸ்தாயியில் பாடுவார். மெட்டு நகர நகர, அடியில் இருக்கும் இந்த மூன்று ஸ்வரக் கட்டும் மாறிக்கொண்டே போகும்: ச-க-ப, பிறகு ம-த-ச, பிறகு ப-நி-ரி. சாதாரணப் பாமாலைகள் பலவற்றில் பெரும் பகுதி இந்த மூன்று கட்டுகளுக்குள்ளேயே ஓடிவிடும்.

கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். அங்கே ஒரே குரல் வளைந்து நெளிந்து போகும். ச-வும் ப-வும் தம்பூராவில் அசையாமல் நிற்கும். இங்கே தம்பூராவே எழுந்து நடக்கிற மாதிரி.

தம்பூரா என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில், யாரும் மீட்டாத காந்தாரம், அதாவது க, கேட்கும் என்பார்கள். அது உண்மை. ஒரு தந்தி அதிரும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் மெல்லிசாகக் கூடவே எழும். ச-வின் ஐந்து மடங்குதான் அந்தக் காந்தாரம். நாலு பேர் பாடும்போதும் இதே நடக்கிறது. 240-ல் நிற்கிறவர் குரலின் ஐந்து மடங்கு 1200. 300-ல் நிற்கிறவர் குரலின் நாலு மடங்கும் 1200. இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. இருவருமே பாடாத ஒரு மேல் ஸ்வரம் தலைக்கு மேலே மணி அடித்த மாதிரி கேட்கும். ஒரு ஆள் 240-க்குப் பதில் 243-ல் நின்றால் போதும், 240-லேயே நிற்கிற பக்கத்து ஆளோடு சேரும்போது விநாடிக்கு மூன்று தடவை ஒலி ‘வாவ் வாவ்’ என்று துடிக்கும். அந்தத் துடிப்பு மெல்ல மெல்ல அடங்கி ஒலி வழுவழுவென்று ஆகும் ஒரு கணம் இருக்கிறது பாருங்கள், அதற்காகத்தான் நாங்கள் வாராவாரம் கூடுகிறோம் என்றே சொல்லுவேன். யார் சரிசெய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருப்பார்கள்.

முதல் தடவை அந்த மேல் ஸ்வரத்தைக் கேட்டபோது நான் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கீழே யாரோ புல்லாங்குழல் ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். நான் நிறுத்தியதும் அது போய்விட்டது. மறுபடி சேர்ந்ததும் வந்தது.

கீபோர்டு வைத்துப் பாடும்போது இது கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். கீபோர்டில் எல்லா ஸ்வரங்களும் சம இடைவெளியில் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதன் க, 300-ல் இருக்காது. 302-ஐத் தாண்டி நிற்கும். குரல் மட்டும் இருந்தால் காது தானாகவே 300-ஐத் தேடிப் போகும். எங்கள் மாடியில் கடைசிக் கவிக்குக் கீபோர்டை அணைத்துவிடுவது அதனால்தான்.

ஒலி சேர்வது ஒரு பக்கம். உடம்பும் சேருகிறது. ஒரு வரி முழுவதும் ஒரே மூச்சில் பாட வேண்டும் என்றால், வேகமாக உள்ளிழுத்து மெதுவாக வெளியே விட வேண்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், உள்ளே வரும்போது கூடும். எல்லோருக்கும் ஒரே வரி, ஒரே இடத்தில் மூச்சு என்றால் என்ன ஆகும்? ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 18 வயது மாணவர்கள் 15 பேரைச் சேர்ந்து பாட வைத்து, அவர்கள் இதயத் துடிப்பை அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். அவர்கள் பாடியதில் ஒரு பழைய ஞானப்பாட்டும் இருந்தது. பாட்டின் வரிகளோடு சேர்ந்து அத்தனை பேர் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. 2015-ல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்றும் உண்டு. அறிமுகமில்லாதவர்கள் சேரும் மாலை வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள், கைவேலை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிட வேகமாக நெருங்கிவிட்டார்கள். மற்றவர்களும் மாதங்கள் போகப்போக நெருங்கினார்கள். பாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை.

டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போனவர்களுக்கு இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு முப்பதாவது வீட்டு வாசலில், தொண்டை கட்டிப்போய், யாரோ கொடுத்த கேக்கை அஞ்சாகப் பிய்த்துத் தின்றுகொண்டே அடுத்த பாட்டுக்குச் சுருதி கேட்டவர்கள் அவர்கள். அப்படிச் சேர்ந்த சிநேகம் சுலபத்தில் விடாது.

தமிழில் பாமாலை பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் சொல்லித் தராது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க்கும், அவருக்குப் பின்னால் அதே நூற்றாண்டில் சென்னையில் உழைத்த பப்ரிசியஸும் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். மெட்டு ஜெர்மன் மெட்டுதான். அந்த மெட்டுகள் சொல்லில் எங்கே அழுத்தம் விழுகிறது என்பதைப் பார்த்துக் கட்டியவை. தமிழுக்கு அழுத்தத்தைவிட அளவு முக்கியம்: குறில் குறிலாக இருக்க வேண்டும், நெடில் நெடிலாக. மெட்டில் நீளமான இடத்தில் ஒரு குறில் வந்து உட்கார்ந்தால் சிக்கல். ‘வரும்’ என்று எழுதியிருக்கும், இழுத்துப் பாடினால் ‘வாரும்’ என்று கேட்கும். முன்னது ஏதோ வரப்போகிறது என்று சொல்கிறது, பின்னது கடவுளைக் கூப்பிடுகிறது. ‘பலன்’ பாலனாகிவிடும். கீர்த்தனையில் இந்தத் தொந்தரவு குறைவு, ஏனென்றால் சொல்லும் ராகமும் ஒரே வீட்டில் சேர்ந்து பிறந்தவை.

இதற்காகப் பாமாலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முந்நூறு வருஷமாக நம் வீட்டுக் கல்யாணத்திலும் அடக்கத்திலும் பாடிப் பாடி, அந்த மெட்டுகள் நம்முடையவையாகவே ஆகிவிட்டன. பாடும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். குறிலை இழுக்க வேண்டி வந்தால், உயிரெழுத்தை வாய் திறந்து பெரிதாக்காமல், ஒலியைச் சின்னதாக வைத்துக்கொண்டே நீட்ட வேண்டும். முதலில் பாட்டை மெட்டில்லாமல் செய்யுள் மாதிரி சேர்ந்து வாசித்துவிடுங்கள். வாசித்த வாய்க்குச் சொல் எங்கே பிரிகிறது என்று தெரிந்துவிடும், பாதிச் சொல்லில் மூச்சு விடாது.

எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் தெற்கில், ஜார்ஜியா, அலபாமா பக்கம், ‘சேக்ரட் ஹார்ப்’ என்ற 1844-ஆம் வருஷத்துப் பாட்டுப் புத்தகத்தை வைத்து இன்றும் கூடிப் பாடுகிறார்கள். நாலு குரலுக்கு நாலு பக்கம் என்று சதுரமாக, உள்பக்கம் பார்த்து உட்காருவார்கள். நடுவில் காலி இடம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் எழுந்துவந்து அங்கே நின்று கையால் தாளம் காட்டுவார். சின்னப் பிள்ளையும் வரலாம், பாட்டியும் வரலாம். முதல் தடவை சொற்களை விட்டுவிட்டு ஸ்வரப் பெயர்களை மட்டும் பாடுவார்கள், அப்புறம்தான் பாட்டு. நாள் முழுக்கப் பாடுவார்கள், நடுவில் எல்லோரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பரப்பி வைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள். பார்வையாளர்களுக்கு என்று மேடையோ கைதட்டலோ கிடையாது. சதுரத்தின் நடுவில்தான் ஒலி மிக அழகாக இருக்கும். அந்த இடத்தை ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாங்களும் கீபோர்டைப் பார்த்து வரிசையாக உட்காருவதை விட்டுவிட்டோம். வட்டமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி உட்காருகிறோம். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுப்பது கண்ணில் பட்டாலே போதும், ‘ஒண்ணு ரெண்டு’ எண்ணத் தேவையில்லை.

தொடங்க நினைப்பவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்தால் போதும். மெதுவாகப் போகும், எல்லோருக்கும் தெரிந்த பாமாலையாக ஒன்றை எடுங்கள். முதல் வாரம் எல்லோரும் ராகத்தையே பாடுங்கள், பார்ட்ஸ் வேண்டாம். அடுத்த வாரம் பேஸ் மட்டும் சேரட்டும். ராகமும் பேஸும் உறுதியாக நின்றுவிட்டால் ஆல்டோவும் டெனரும் நடுவில் வந்து உட்கார இடம் தானாகக் கிடைக்கும். புதிதாகப் பார்ட்ஸ் பாடுகிறவரை ராகம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எல்லோருக்கும் அப்படித்தான். காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது உதவாது. தன் வரியைத் தனியே இருபது தடவை முனகிவிட்டு, அப்புறம் ராகத்தை நன்றாகக் கேட்டுக்கொண்டே பாடுவதுதான் வழி. பாடுவது பக்கத்து ஆள் குரலை அமுக்காத அளவுக்கு இருந்தால் சரி.

அதற்கும் முன்னால், முதல் நாளே, ஐந்து நிமிஷத்தில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பாமாலை முடிவில் ‘ஆமென்’ பாடுவோம் இல்லையா, அது இரண்டே இரண்டு கட்டுகள். சொப்ரானோ மேல் ச-வில் தொடங்கி அதே ச-விலேயே நிற்க வேண்டும், அசையவே வேண்டாம். ஆல்டோ த-விலிருந்து ப-வுக்கு இறங்கும். டெனர் ம-விலிருந்து க-வுக்கு. பேஸ் கீழ் ம-விலிருந்து கீழ் ச-வுக்கு. ‘ஆ’ என்பதில் முதல் கட்டு, ‘மென்’ என்பதில் இரண்டாவது. அவசரப்படாமல், ‘ஆ’ சுத்தமாகச் சேரும்வரை பிடித்துக்கொண்டிருங்கள். அப்புறம் மூன்று பேர் சேர்ந்து இறங்குங்கள்.

சொப்ரானோ பாடுகிறவரைக் கவனியுங்கள். அவர் ஒரே ஸ்வரத்தில்தான் நிற்கிறார், ஆனால் கீழே மூன்று பேரும் நகர்ந்ததும் அவர் குரலே மாறிவிட்ட மாதிரி கேட்கும். எங்கள் மாடியில் சொப்ரானோ பாடும் அக்கா முதல் நாள் பாதியில் நிறுத்திவிட்டு, “நான் மாத்திட்டேனா?” என்று கேட்டார்கள். மாற்றவில்லை. இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். அதற்கப்புறமும் ஒரு தடவை. அன்றைக்குப் பாமாலையைத் திறக்காமலே, ஒன்பது மணிவரை ஆமென் மட்டுமே பாடிக்கொண்டிருந்தோம்.